காலி இடம்

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரையும் தம்பி, கணினி விளையாட்டில் தன் முதல் நகரத்துக்கு ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுத்தான்.

"அங்க குடிசை இருக்கேடா," என்றாள் அக்கா.

"அது கணக்குல வராதுக்கா. நகரத்தை வெச்சா தானா மறைஞ்சிடும். காலி இடந்தான்."

தன் வீட்டுக் கதவிலிருந்து கிழித்துவந்த நோட்டீஸை அக்கா நீட்டினாள்: 'ஆற்றங்கரைக் காலி இடம் மூன்று நாளில் கையகப்படுத்தப்படும்.'

"இந்த நோட்டீஸுக்கு மேப்பை வரைஞ்ச மகராசன் நீதானே?"

"பழைய மேப்பைப் பார்த்து வரைஞ்சேன்க்கா. அதுல உன் வீடு இல்ல."

"அந்த வீட்டுல எத்தனை நாள் சாப்பிட்டிருக்கே? உனக்குப் புல்டோசரே தேவலைடா. அது இடிக்கவாவது நேர்ல வரும்."

மனிதர் குடியிருக்கும் மண்ணைக் காலி என்று எழுதிய கை, அப்போதும் மவுஸை விட்டு அகலவில்லை. அக்கா கணினியின் ஒயரைப் பிடுங்கினாள்.

"பென்சிலை எடு. நேர்ல வந்து என் வீட்டை வரை."