ஐந்து முடிச்சு

அவர் போட்ட முடிச்சு எதுவும் நின்றதில்லை. ஷூ கயிறு படி இறங்குவதற்குள் அவிழும். குப்பைப் பையைக் கட்டிக் கொண்டுபோனால் தெருமுனைவரை வெங்காயத் தோல் சிந்தும். பின்னாலேயே போய் நான் மறுபடி கட்டுவேன். இருபத்தாறு வருடம் இதே பிழைப்பு.

நாலு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரைப் பின்னால் எடுக்கும்போது வாசல் மந்தாரையில் இடித்தார். அழகுக்கென்று நான் வைத்த மரம். பெரிய கிளை கவட்டையில் பிளந்து தொங்கியது.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று கத்தினேன்.

"இருந்திருந்தா இடிச்சிருக்க மாட்டேனே" என்றார்.

உள்ளே போய், நான் ஆசையாக வாங்கிய புதுப் படுக்கைவிரிப்பை நாடா நாடாவாகக் கிழித்துக்கொண்டு வந்தார். ஏணியில் ஏறி, கிளையைத் தோளில் தாங்கி, பிளவை மூடிச் சுற்றி, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க கட்டினா ரெண்டு நாள் தாங்காது. ஒரு வேலையாவது உருப்படியா செஞ்சிருக்கீங்களா?"

அவரிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான். மறுநாள் நான் எழுமுன் வேலைக்குக் கிளம்பிவிட்டார். அலுவலக வாசலிலேயே மாரடைப்பு.

நான் அழவில்லை. மகள் தினமும் போனில் "சாப்பிட்டியாம்மா, அழுதியாம்மா" என்று ஒரே மூச்சில் கேட்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன்.

இன்று ஒரு தோட்டக்காரர் வந்தார். இந்தத் தெருவுக்குப் புதியவர். ஏணி போட்டு ஏறிப் பார்த்தார்.

"அக்கா, கிளை பருத்து, கட்டு பட்டையில பதியுது. விட்டா இறுக்கியே கொன்னுடும். இன்னிக்கே எடுத்துடணும்."

"கிளை பிழைக்குமா?"

"உள்ள ஒட்டியிருந்தா பிழைக்கும். இல்லன்னா அடியோட அறுக்கணும். பிரிச்சாத்தான் தெரியும்."

முடிச்சோடு கொஞ்சநேரம் மல்லுக்கட்டினார். "அட, அசையவே மாட்டேங்குது! கத்தி வச்சிடறேன்."

"கத்தி வேணாம். இறங்குங்க, நான் அவுக்கிறேன்."

நான் போட்ட சத்தத்தில் இறங்கிவிட்டார்.

ஐந்து முடிச்சு. வெயிலிலும் மழையிலும் கிடந்து இறுகியிருந்தன. கோணி ஊசியால் நெம்பினேன். நகம் ஒன்று பிய்ந்தது, வலிக்கவில்லை. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, மனதில் ஒன்றுமே ஓடவில்லை. முக்கால் மணி நேரம் ஆனது.

கடைசிச் சுற்றும் கழன்றது. கிளை அப்படியே நின்றது. பிளந்த இடத்தில் தடித்த தழும்பு.

தோட்டக்காரர் கீழிருந்தே கிளை நுனியைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்தார். "கெட்டியா ஒட்டிருச்சு. இனி அறுக்க வேணாம். யாருக்கா கட்டினது?"

"எங்க வீட்டுக்காரர்."

"நல்ல கைக்கா. உருப்படியான வேலைன்னு நான் சொன்னதா அவர்கிட்ட சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

அப்போதுதான் அழுகை வந்தது. ஏணியில் நின்றபடியே, தெருவுக்கே கேட்கும்படி அழுதேன். தோட்டக்காரர் பாவம், பதறிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "கிளைக்கு ஒண்ணும் ஆகலக்கா, ஒண்ணும் ஆகல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.