சுவருக்கு அந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வில்சன் சாமியார் அதை ஒரு நல்ல சேதியாகத்தான் சொன்னார். ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோன குழந்தைகளை நினைத்து இனி யாரும் கலங்க வேண்டாமாம். எல்லா மனிதரும் மீட்புப் பெற வேண்டும் என்பதே கடவுளின் விருப்பம். அந்தக் குழந்தைகளும் அவரிடம்தான் இருப்பார்கள் என்று நம்ப இடமிருக்கிறது. இந்த வருஷம் ரோமாபுரியிலேயே பெரியவர்கள் கூடி ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சாமியாருக்குச் சின்ன வயசு, குரலில் அத்தனை சந்தோஷம்.

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயமேரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

பல வருஷத்துக்கு முன்னால், அவளுடைய தலைப்பிள்ளை கொழுகொழுவென்றுதான் பிறந்தான். உடனே கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாம். ஆனால் அவள் கணவன் லூர்துநாதனின் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டவர். அவர்தான் ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தும் ஞானத்தகப்பன், கிறிஸ்துமஸுக்கு வரும்போது பாரிஸிலிருந்து லேஸ் வைத்த வெள்ளைக் கவுன் வாங்கி வருவார் என்று மாமியார் ஒற்றைக்காலில் நின்றாள். காரைக்காலில் பிரான்ஸ்காரர் வீட்டு விசேஷம் என்றால் அப்படித்தான், விமானம் இறங்கினால்தான் எதுவும் நடக்கும். லூர்துநாதனும் அம்மாவுக்குத் தலையாட்டினான்.

காய்ச்சல் காத்திருக்கவில்லை. பிள்ளைக்குக் கண் சொருகியபோது, ஆபத்துக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாமே என்று ஜெயமேரி டம்ளரைக் கையில் எடுத்தாள். அபசகுனமாக என்ன இது என்று மாமியார் அதைப் பிடுங்கினாள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்போது கோவிலில் இருந்த உபதேசியார் வந்து சட்டம் பேசினார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கோவில் மணி அடிக்கக் கூடாது. மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது. இது சாமி முகத்தைப் பார்க்காது, மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவில் எங்கேயோ கிடக்கும் என்றார். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, கருவைப் புதருக்கு அடியில் புதைத்தார்கள். சொன்னபடி கிறிஸ்துமஸுக்குக் கவுனும் வந்தது. பத்திரமாக மடித்து வைத்து அடுத்துப் பிறந்த ஜெமிமாவுக்குப் போட்டார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

பூசை முடிந்ததும் ஜெயமேரி நேராகச் சாமியார் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, கடவுளுக்கு இந்த விருப்பம் இந்த வருஷந்தான் வந்துச்சா, முன்னாடியே உண்டா?"

"ஆதியிலேருந்தே உண்டும்மா. பவுலடியாரே எழுதியிருக்காரே."

"அப்ப எம்புள்ளையச் சுவத்துக்கு அந்தப் பக்கம் போட்டது யாரு விருப்பம்?"

சாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அந்தக் காலத்துல அப்படி ஒரு வழக்கம்..."

"அந்தக் காலத்துலயும் இதே கடவுள்தானே சாமி? அவரு வா வான்னுருக்காரு. நீங்கள்லாம் வழிய மறிச்சிக்கிட்டு நின்னுருக்கீங்க. எம்புள்ள எங்க கெடக்கானோன்னு நான் சோத்துல கை வைக்காத நாள் எத்தனை தெரியுமா? இப்ப சாவகாசமா வந்து, கலங்காதீங்கன்னா?"

லூர்துநாதன் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தான். "மேரி, ஊரே பாக்குது, வா."

"பாக்கட்டும். மணி அடிக்காம பொதைச்சப்ப எந்த ஊரு வந்து பாத்துச்சு?" அவள் கையை உதறினாள். "கல்லறைத் திருநாளுக்கு நீங்க அங்க வரணும் சாமி. எல்லாரும் பாக்க, எம்புள்ளைக்குத் தீர்த்தம் தெளிக்கணும்."

சாமியார் தலையைக் குனிந்தபடி, "வர்றேம்மா," என்றார்.

கல்லறைத் திருநாளன்று உள்ளே எல்லாக் கல்லறைகளிலும் வெள்ளையடித்துச் சாமந்திப்பூ போட்டிருந்தார்கள். லூர்துநாதன் அவன் அம்மாவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தான். வெளியே ஐப்பசிச் சேற்றில் நின்று ஜெயமேரி ஒற்றையாளாகக் கருவையை வெட்டித் தள்ளியிருந்தாள். கை முழுக்க முள் கிழித்த கோடுகள். அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சாமியார் சொன்ன சொல் தவறவில்லை. உள்ளே ஒவ்வொரு கல்லறையாகப் பெயர் சொல்லி மந்திரித்துவிட்டு, கேட்டைத் தாண்டி வெளியே வந்தார். பின்னாலேயே கூட்டமும் வந்தது. அவர் புத்தகத்தைப் பிரித்தார்.

"பேர் என்னம்மா?"

ஜெயமேரி மண்ணைப் பார்த்தாள். பெயர் ஏது? ஞானஸ்நானத்தில்தானே பெயர் வைப்பார்கள்? அதற்குள்தான் குழியில் இறக்கிவிட்டார்களே! துக்கம் வந்திருந்தால் அழுதிருப்பாள். வந்தது ஆத்திரம். சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கத்தினாள்.

"ஏங்க! அங்க உங்கம்மாவுக்குத் திரி ஏத்துனது போதும், இங்க வாங்க! வந்து உங்க புள்ளைக்குப் பேரு வைங்க!"

உள்ளே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். லூர்துநாதன் சுற்றிக்கொண்டு வந்தான். அந்த இடத்தில் அவன் கால் படுவது, குழி மூடியதற்குப் பிறகு இதுதான் முதல் தடவை. சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். ஜெயமேரி அவனுக்கு உதவவில்லை.

"ராஜா," என்றான் கடைசியில். "நீ தூங்க வைக்கிறப்ப ராஜா, ராஜான்னுதான் கூப்புடுவே. எனக்கு அதான் அவன் பேரு."

அது எந்தப் புனிதரின் பெயரும் இல்லை. சாமியார் அதையெல்லாம் பார்க்கவில்லை. "ராஜா," என்று கூட்டத்துக்கே கேட்கும்படி சொல்லித் தீர்த்தம் தெளித்தார்.

ஜெயமேரி லூர்துநாதனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"பேரு தெரிஞ்சிருக்கு! தெரிஞ்சுமா இத்தனை வருஷம் வாயில கொழுக்கட்டைய வச்சிக்கிட்டு இருந்தீங்க? ஊரு முன்னாடி வேணாம், வீட்டுக்குள்ள, எங்கிட்ட மட்டும், ஒரு தடவை சொல்லியிருந்தா என்ன?"

அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

"எங்கிட்ட என்ன பார்வை? கீழ பாருங்க," என்றாள். "அவன் காதுல விழுற மாதிரி கூப்புடுங்க."