சுவரைப் பார்த்த பக்கம்

"அம்மா, அதைக் கீழ வை. நான் எடுக்கறேன்."

அம்மா வைக்கவில்லை. பூப்போட்ட பீங்கான் கிண்ணத்தைப் பழைய புடவைத் துண்டில் சுற்றி, சுற்றியதைப் பிரித்து, மறுபடியும் சுற்றினாள். மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிவிட்டதாக அண்ணன் போன் செய்தாகிவிட்டது. அவரைக் கிடத்தக் கூடத்தில் இருப்பது ஒரே இடம். அந்த இடத்தில்தான் ஷோகேஸ் மலைபோல நிற்கிறது. கிண்ணங்களை எடுக்காமல் அதை நகர்த்த முடியாது. கிண்ணங்களையோ அம்மா யாரையும் தொட விடமாட்டாள்.

ஒரு நாளாவது அவற்றில் ஒரு பிடி உப்பு போட்டு வைத்ததுண்டா? கிடையாது. வருகிறவர்கள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அம்மா வாங்குவாள், அடுக்குவாள். ஞாயிற்றுக்கிழமையானால் அப்பா துடைப்பார். மற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று ரசித்துக்கொள்ளலாம்.

ஷோகேஸைத் தூக்க வந்த எதிர்வீட்டு எலக்ட்ரீசியன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "அக்கா, இப்படியே போனா வண்டி வந்து தெருவுல நிக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? மகாராணிகிட்ட சொல்லுங்க."

அம்மா காதிலேயே வாங்கவில்லை. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை அவள். அதைத்தான் மகளால் தாங்க முடியவில்லை.

"அப்பா போயிட்டாரும்மா. இப்பவும் உனக்குக் கிண்ணம்தான் பெருசா?"

சொல்லிக்கொண்டே மேல்தட்டிலிருந்த பெரிய நீலக் கிண்ணத்தை வெடுக்கென்று எடுத்தாள். விரலில் ஏதோ நெருடியது. திருப்பினாள். பின்பக்கம் விளிம்பிலிருந்து அடிவரை ஒரு விரிசல். மேலே அசிங்கமாக வழிந்து காய்ந்த பசை. பக்கத்துக் கிண்ணத்திலும் அப்படித்தான். அதற்கடுத்ததில் பின்பக்க விளிம்பே இல்லை. முன்பக்கம் மட்டும் எல்லாம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று இருந்தன.

அம்மா எலக்ட்ரீசியனைப் பார்த்தாள். அவன் புரிந்துகொண்டு வாசலுக்குப் போனான்.

"உங்கப்பா கைவேலை," என்றாள் தாழ்ந்த குரலில். "துடைக்கிறேன்னு உடைப்பாரு. எனக்குத் தெரியாம ஒட்டி, செவுத்தைப் பாக்கத் திருப்பி வெச்சிருவாரு."

"நீ கேக்கவே இல்லியா?"

"கேட்டா மனுஷன் சுருங்கிப் போயிடுவாரு. வேலை பாத்த எடத்துல பூராவும் ஏச்சு வாங்கினவரு, வீட்லயும் வாங்கணுமா? இன்னிக்கு எல்லாரும் வருவாங்க. அவரைப் படுக்க வெச்சுக்கிட்டு இதைப் பாத்துச் சிரிக்கணுமா?"

"எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

அம்மா அடுத்த கிண்ணத்தை எடுத்துச் சுற்றினாள். மகளுக்குக் கோபம் தணியவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து துணியைக் கிழித்துத் தானும் சுற்ற ஆரம்பித்தாள். இரண்டு பேர் கை பட்டதும் வேலை மளமளவென்று நகர்ந்தது.

கீழ்த்தட்டின் மூலையில், ஜாடிக்குப் பின்னால், சின்னதாக ஒரு பச்சைக் கிண்ணம் ஒளிந்திருந்தது. இரண்டு ரப்பர் பேண்டுகள் அதை இறுக்கிப் பிடித்திருந்தன. காலையில் நெஞ்சுவலி வருவதற்குச் சற்று முன்புதான் ஒட்டியிருப்பார் போல. பசை இன்னும் பிசுபிசுத்தது.

அம்மா அதைக் கையில் வாங்கினாள். "இது எனக்குத் தெரியாது," என்றாள். அவள் மோவாய் நடுங்கியது.

"ரப்பரைக் கழட்டட்டுமா?"

"வேண்டாம். காயட்டும்."

தெருமுனையில் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. மகள் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டாள். பிறகு பச்சைக் கிண்ணத்தை உள்ளறை அலமாரியில், விரிசல் சுவரைப் பார்க்கும்படி வைத்துவிட்டு, வாசல் கதவை அகலத் திறக்கப் போனாள்.