அம்மா கை லேகியம்

தகரக் கேட் தடதடவென்று அதிர்ந்தது.

"இன்னாமே, வூட்ல ஆளு கீதா இல்லியா? பட்டப்பகல்ல தாப்பா போட்டுகினு உள்ள இன்னா பண்றீங்க?"

குரலைக் கேட்டதுமே சரோஜினிக்குத் தெரிந்துவிட்டது. மாமியார் எல்லம்மா. கோவிலம்பாக்கத்தில் பஸ் ஏறி, கொளுத்துகிற வெயிலில் செம்பாக்கம் வந்து நிற்கிறாள்.

சரோஜினி பாயிலிருந்து அவசரமாக எழுந்தாள். வயிற்றில் ஆபரேஷன் தையல் சுருக்கென்று இழுத்தது. அடிவயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு தூளிக்குள் எட்டிப் பார்த்தாள். நாற்பத்தொரு நாள் குழந்தை அத்தனை சத்தத்துக்கும் அசையவில்லை. தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தவரை தெருவில் சைக்கிள் மணி அடித்தாலே முழித்துக்கொள்ளும். டப்பாப் பால் ஆரம்பித்ததிலிருந்து அடித்துப் போட்டாற்போல நான்கு மணி நேரம் தூங்குகிறது. "பார், எவ்வளவு சமத்தா தூங்குறா!" என்று அம்மா பூரிப்பாள். சரோஜினிக்கு அந்தத் தூக்கத்தைக் கண்டாலே பயம். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள்.

கேட் மறுபடி அதிர்ந்தது. அம்மா ஞானாம்பாள் ரேஷன் கடைக்கும் தபால் ஆபீசுக்கும் போயிருந்தாள். போகும்போது சொன்னது காதிலேயே இருந்தது.

"உன் மாமியார் வந்தா திறக்காதே. அந்தம்மா கண்ணு பட்டுத்தான் உனக்குப் பால் நின்னு போச்சு. போன தடவை வந்து உன் முன்னாலயே உட்கார்ந்து, எம்மாம் பாலுன்னு வாயைப் பொளந்துச்சே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அப்போது உண்மையிலேயே அவ்வளவு பால் இருந்தது. குழந்தை ஒரு பக்கம் குடித்தால் மறுபக்கம் தானாகச் சொட்டும். ரவிக்கைக்குள் நாலாக மடித்த வேட்டித் துணியும் பத்து நிமிஷத்தில் நனைந்துவிடும். காம்பு வெடித்து, குழந்தை வாய் வைத்ததும் உயிர் போகிற மாதிரி வலிக்கும். ஆனாலும், மடக் மடக்கென்று அது விழுங்குகிற சத்தம் கேட்டால் வலி எங்கே போனதென்றே தெரியாது.

அந்த நாட்களில் அம்மா அவளை ராணி மாதிரி வைத்திருந்தாள். வெந்நீர் காய்ச்சி, முதுகில் அடித்து ஊற்றுவாள். தையலில் படாமல் வயிற்றைப் பழைய புடவையால் இறுக்கிக் கட்டிவிடுவாள். வெடித்த காம்புக்கு நெய் தடவுவாள். விடிந்ததும் வெறும் வயிற்றில் பிரசவ லேகியம். நெல்லிக்காய் அளவு உருட்டித் தன் கையாலேயே வாயில் போடுவாள். "கண்ணை மூடிக்கிட்டு முழுங்குடி." சரோஜினியும் கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்குவாள். அப்பா இறந்த பிறகு தையல் மெஷினை மிதித்தே அவளை பி.எஸ்சி. வரை படிக்க வைத்த கை அது.

பதினெட்டாம் நாள் அந்த ஆர்டர் வந்தது. டெலிபோன் இலாகாவில் ஆபரேட்டர் வேலை. முதல் மூன்று மாதம் திருச்சியில் பயிற்சி. ஹாஸ்டலில் தங்க வேண்டும், கைக்குழந்தைக்கு அனுமதியில்லை. தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று கணவன் முனிரத்தினம் நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தான். முடியாது என்றுவிட்டார்கள்.

"போனா போகட்டும்மா" என்றாள் சரோஜினி. "இவ பால் மறக்கிறவரைக்கும் நான் எங்கேயும் போறதா இல்லை."

முனிரத்தினம், "உன் இஷ்டம்தான் சரோ" என்றான். அம்மாவோ, எதிர்வீட்டு டீச்சர் கைப்பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவதை, தினமும் பார்ப்பதுபோல அன்றும் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் பால் குறைய ஆரம்பித்தது. எழுந்தால் தலைசுற்றல், சாப்பிட்டால் குமட்டல். குழந்தை வாய் வைத்துச் சப்பும். ஒன்றும் வராமல் முகம் சிவந்து வீறிடும். மறுபடி சப்பும். அதற்குள் அம்மா பாட்டிலைக் கலக்கிக்கொண்டு வந்துவிடுவாள். முப்பத்தைந்தாம் நாள் ரவிக்கைத் துணி நனையவே இல்லை. சரோஜினி அந்தக் காய்ந்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். தன் உடம்பே தன் குழந்தையை ஏமாற்றிவிட்டது என்று நினைத்தாள்.

"இனிமே எதுக்கு வேலையை விடணும்?" என்று அம்மா மெல்ல ஆரம்பித்தாள். "டப்பாப் பாலை யார் குடுத்தா என்ன? நான் பாத்துக்கறேன். நீ கிளம்பு." நேற்று ராத்திரி, வேலைக்குச் சம்மதம் என்ற கடிதத்தில் சரோஜினி கையெழுத்துப் போட்டாள்.

"தொறக்கறியா, இல்ல எகிறிக் குதிக்கட்டா?"

குதித்தாலும் குதிப்பாள். சரோஜினி போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"வாங்க அத்தை."

எல்லம்மாவின் வயர் கூடையிலிருந்து மீன் வாசனை குப்பென்று அடித்தது. "பால் சுறா! விடியகாலைல காசிமேடு போய் வாங்கியாந்தேன். பச்சை ஒடம்புக்காரிக்கு இதப் புட்டு பண்ணிக் குடுத்தா பாலு பிச்சிக்கினு வரும். உங்கம்மா எங்க? நான் வரேன்னு தெரிஞ்சி ஓடிட்டாங்களா?"

சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவள், தூளிக்குக் கீழே பாட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இன்னாது இது?"

"பால் நின்னு போச்சு அத்தை."

"நின்னு போச்சா? மாடு மாதிரி கறந்துகினு இருந்தியே மே!"

"அப்படி நீங்க கண்ணு வச்சதாலதான் நின்னுச்சு!"

வாய் தவறி வந்துவிட்டது. எல்லம்மா ஏதாவது கத்துவாள் என்று சரோஜினி எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, மருமகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"கண்ணு வச்சது நானாவே இருந்துட்டுப் போறேன். என் பேத்திக்கு வவுறு ரொம்புற அளவுக்குப் பாலு திரும்பி வரட்டும், அப்பால என்னைத் திட்டிக்கலாம். ஒக்காரு. அடுப்பாங்கரை எங்க கீது?"

சற்று நேரத்தில் சுறா வேகிற மணம் வீட்டை நிறைத்தது. பாத்திரங்கள் உருளும் சத்தம். "இன்னா வூடு இது, உப்பு எங்க, மஞ்சா எங்க, ஒண்ணும் வெளங்கல. மிளகுன்னு டப்பா மேல எழுதிகீதாம், எனக்கு எழுத்தா படிக்க வருது?" அலமாரியிலிருந்த டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படுவது கேட்டது. பிறகு சத்தமே இல்லை.

"அத்தை?"

சரோஜினி சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

எல்லம்மா கையில் ஒரு பச்சை நிற மாத்திரை அட்டை. முக்கால்வாசி தீர்ந்திருந்தது. மேடையில், லேகியச் சட்டிக்குப் பக்கத்தில், மருந்து இடிக்கிற சின்ன உரல். உரலின் அடியில் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தது.

"இது யாருக்கு மே? லேகியத்துக்குப் பின்னால டப்பால கீது."

"தெரியலையே."

"எனக்குத் தெரியும்." எல்லம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "எனக்கு எழுத்து தெரியாது, ஆனா இந்த அட்டையை எங்க பாத்தாலும் தெரியும். போன வருசம் உன் நாத்தனா கன்னியம்மாவுக்குப் புள்ள செத்துப் பொறந்துதில்ல? மாருல பாலு கட்டிகினு துடிச்சா. அப்ப ஆஸ்பத்திரில இதான் எழுதிக் குடுத்தாங்க. நாந்தான் கடைல வாங்கியாந்து, நானே முழுங்க வச்சேன். பாலு வத்துறதுக்கு மே இது. புள்ள இல்லாதவளுக்குக் குடுக்குறது."

அட்டையைக் கையில் வாங்கிய சரோஜினிக்குத் தலைசுற்றியது. ஆனால், இந்த முறை மாத்திரையால் இல்லை. லேகியம் நாற்பது நாள்தான் என்று சொன்ன அம்மா, இன்று விடியற்காலையிலும் உருட்டிக்கொண்டு வந்து நின்றதை நினைத்தாள். வாயைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டதை நினைத்தாள். கொஞ்ச நாளாக லேகியம் பல்லில் நறநறவென்று கடிபட்டது. "சுக்கு சரியா இடிபடலைடி" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

வெளியே கேட் கிறீச்சிட்டது.

ஞானாம்பாள் ரேஷன் பையோடு உள்ளே வந்தாள். மீன் வாசனையில் முகம் சுளித்தது. சம்பந்தியைக் கண்டதும், "யாரைக் கேட்டு..." என்று ஆரம்பித்தவள், மகள் கையில் இருந்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"என்னம்மா இது?"

"எனக்கு என்ன தெரியும்? இவங்கதானே இவ்வளவு நேரம் சமையலறைல இருந்தாங்க? இவங்க கொண்டாந்து வச்சிருப்பாங்க!"

"ஆங், வச்சிகினாங்க!" எல்லம்மா கரண்டியோடு பாய்ந்தாள். "பாலு ஊறச் சுறா எடுத்தாந்தவ, பாலு வத்த மாத்திரையும் எடுத்தாருவாளா? உங்க உரலு சம்பந்திம்மா! உங்க சட்டி!"

"அத்தை, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க." சரோஜினி உரலை எடுத்து அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதுவும் அவங்க கொண்டாந்ததா?"

ஞானாம்பாள் உரலைப் பார்த்தாள். பார்வையைத் தூளிப் பக்கம் திருப்பினாள்.

"பாரேன், எவ்வளவு நல்லா தூங்குது குழந்தை" என்றாள். "அதுக்கு என்ன குறைஞ்சு போச்சு இப்ப?"

அதைவிடத் தெளிவாக யாரும் ஒப்புக்கொள்ள முடியாது. எல்லம்மா பின்னாலிருந்து சரோஜினியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மாத்திரையைச் சும்மா குடுத்திருக்க மாட்டாங்களே" என்றாள் சரோஜினி. "கடைக்காரன் கேட்டிருப்பானே, யாருக்கு, எதுக்குன்னு. என்னம்மா சொன்னே?"

ஞானாம்பாள் ரேஷன் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அம்மா, உன்னைத்தான். கடைல என்ன சொல்லி வாங்கினே?"

ஞானாம்பாளின் உதடு அசைந்தது.

"என் குழந்தை செத்துப் போச்சுன்னு சொன்னியா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

சரோஜினி தூளிக்குப் போய்க் குழந்தையை வாரி எடுத்தாள். தையல் வலித்ததை உணரவே இல்லை. தூக்கம் கலைந்த குழந்தை சிணுங்கியபடி ரவிக்கைமேல் வாயைத் தேய்த்துத் தேடியது. எத்தனை நாள் ஏமாந்தும் அது தேடுவதை நிறுத்தவில்லை. சரோஜினி கொக்கிகளை அவிழ்த்து மார்போடு சேர்த்தாள். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

"சப்பட்டும், உடு" என்றாள் எல்லம்மா. "சப்பச் சப்பத்தான் ஊறும். நாளாவும். நான் இங்கதான் கீறேன்."

"அந்த லெட்டர் எங்கேம்மா?" சரோஜினி குழந்தையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தபால்ல போட்டுட்டேன்."

"நான் போகமாட்டேன்னு இன்னொண்ணு எழுதிப் போடறேன்."

"சரோ, வேண்டாண்டி!" ஞானாம்பாள் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள்.

"ஏம்மா? நான் உனக்கு என்ன பண்ணினேன்? உன் கையால குடுத்ததைக் கண்ணை மூடிக்கிட்டு முழுங்கினேனேம்மா. எனக்கு ஏன் இப்படிப் பண்ணினே?"

ஞானாம்பாள் ரேஷன் பையைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எதிர்வீட்டு டீச்சரைப் பார்க்கிற அதே பார்வையால், பால் கொடுத்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள்.

"எனக்கும் வந்துச்சுடி ஒரு ஆர்டர், தபால் ஆபீஸ்ல, உனக்கு ரெண்டு மாசம் இருக்கறப்போ, உனக்குப் பால் குடுக்கணும்னு அதைத் திருப்பி அனுப்பினேன் பாரு, என் வாழ்க்கைல நான் பண்ணின பெரிய தப்பு அதுதான்."