நான்காவது தட்டு

மூத்தவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் நான்கு பேருடைய வலது கையிலும் குழம்பு மஞ்சள் ஒட்டியபடியே இருந்தது. ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனால் கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் கை கழுவக்கூடாது என்பது அப்பா வைத்த சட்டம். அவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் தட்டச்சர். ஒரு எழுத்து பிசகினாலும் தாளைக் கிழித்துப்போடுகிறவர். அன்று மூத்தவன் இரண்டாம் முறையாகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தான். எல்லோரும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது அப்பா பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி, "எதைத்தான் நீ முழுசா முடிச்சிருக்க?" என்றார். அவன் எழுந்தான், கைகூடக் கழுவாமல் தெருவில் இறங்கிப் போய்விட்டான். அப்பா, அம்மா, தங்கை மூவருக்கும் அதற்குமேல் சோறு இறங்கவில்லை. குழாயடிக்குப் போனார்கள். தண்ணீர் வந்தது, சோப்பு நுரைத்தது, மஞ்சள் மட்டும் போகவில்லை.

ஒன்பது வருடம் அது காயவும் இல்லை, கெட்டுப்போகவும் இல்லை. அப்பா அடித்த பத்திரங்களின் ஓரத்தில் மஞ்சள் கட்டைவிரல் ரேகை விழுந்தது. முதல் வருடம் மேலதிகாரி சத்தம் போட்டார். மூன்றாம் வருடத்துக்குப் பிறகு அந்த ரேகை இல்லாத பத்திரத்தைத்தான் ஜனங்கள் சந்தேகத்தோடு புரட்டிப் பார்த்தார்கள். நர்ஸ் வேலைக்குப் போன தங்கை இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டாள். வேறு ஊரில் லிஃப்ட் மெக்கானிக்காகிவிட்ட மூத்தவன் பழுது பார்த்த கட்டடங்களில் எந்த மாடிப் பொத்தானும் வெள்ளையாக இல்லை என்று கேள்வி. அம்மாவுக்கு வேண்டியது ஒன்றுதான்: அப்பனும் மகனும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தச் சாப்பாட்டை முடிக்க வேண்டும். அவள் கெஞ்சும்போதெல்லாம் அப்பா போனை எடுப்பார், தன் விரல்களைப் பார்ப்பார், திரும்ப வைத்துவிடுவார். வீம்பில் இருவரும் ஒரே அச்சு.

ஒரு மதியம் அப்பா தட்டச்சு மேசையிலேயே சாய்ந்துவிட்டார். மகன் வந்து சேர்ந்தபோது வெள்ளைத் துணிக்கு வெளியே அந்த மஞ்சள் கை தெரிந்தது. தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் அழுதான்.

எல்லாம் முடிந்து மூவரும் அதே ஹோட்டலுக்குப் போனார்கள். பழைய சர்வர் கேட்காமலேயே குழாய்க்குப் பக்கத்து மேசையைத் துடைத்து நான்கு தட்டு வைத்துச் சோறு பரிமாறினார். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் மூவரும் சாப்பிட்டு முடித்தார்கள். மூத்தவன் போய்க் கையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, அதே மஞ்சளோடு திரும்பி வந்தான்.

"அப்பா இன்னும் முடிக்கலப்பா," என்றாள் அம்மா.

அவன் நான்காவது தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். வயிற்றில் இடமில்லை. தங்கை தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். அதையும் முழுசாக முடித்தான்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் முதல் தண்ணீரிலேயே கை சுத்தமானது. அம்மா குழாய்வரை வந்து நின்றாள். "எனக்கு இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, கையை நனைக்காமல் வாசலுக்கு நடந்தாள். சர்வர் குழாயை மூடிவிட்டு அடுத்த மேசையைத் துடைக்கப் போனார்.