கழுதையின் ஃபில்டர்

என் மனைவிக்கு இன்னொருவன் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. கரண்டி. மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை மலைமலையாக நடந்து போகிறவர்கள் ஒருவருக்கொருவர் இப்படிப் பெயர் வைத்துக்கொள்வார்கள். தானாக வைத்துக்கொள்ளக் கூடாது, கூட நடக்கிறவர்தான் வைக்கவேண்டும். நடை தொடங்கிய முதல் வாரமே ஜாஸ்லின் தன் கரண்டியைத் தொலைத்துவிட்டாள். ஹாலிஸ் என்பவன் தன்னிடமிருந்த கரண்டியைக் கொடுத்தான், கூடவே பெயரையும் கொடுத்தான். அவனுக்கு அவள் வைத்த பெயர் கழுதை. நிறையச் சுமப்பானாம். இந்த ஒரு விஷயத்தில் என் மனைவியின் கணிப்பு எனக்கு முழுச் சம்மதம்.

இதெல்லாம் எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முந்தைய கதை. ஐந்து மாதம் சேர்ந்து நடந்தார்கள். "தனித்தனிக் கூடாரம்தான், வெண்டெல்" என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். கூடாரம் தனிதான். ஆனால் ஓடைத் தண்ணீரை வடிகட்டும் ஃபில்டர் ஒன்றே ஒன்று. சுமை குறையட்டும் என்று பகிர்ந்துகொண்டார்கள். உள்ளங்கையில் அடங்குகிற அந்த ஃபில்டருக்குள் முடியைவிட மெல்லிய குழாய்கள் கட்டுக்கட்டாக இருக்கும். ஒருமுறை நனைந்துவிட்டால் உள்ளே முழுசாகக் காயாது. அந்த ஈரம் உறைந்தால் குழாய்கள் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கிருமி மட்டும் தாராளமாக வந்து சேரும். அதனால் உறைபனி விழும் இரவுகளில் அதைத் தூங்கும் பைக்குள் வைத்து உடம்புச் சூட்டில் காப்பாற்றவேண்டும். இவர்கள் முறைவைத்துக் காப்பாற்றினார்களாம், ஒருநாள் அவள், மறுநாள் அவன். ஏதோ பாத்திரம் கழுவிய முறையைச் சொல்வது மாதிரி அவள் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. கூடாரத்தையே பகிர்ந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது என்று தோன்றியது. அது பொய்தான், இருந்தாலும் தோன்றியது.

இந்த ஜூலையில் நானும் அவளும் முதன்முறையாக ஒன்பது நாள் மலைநடை போவதாக முடிவானது. எனக்கு ஒரே ஓர் ஆசை. அந்த ஒன்பது நாளும் கழுதை வரக்கூடாது. ஆளாகவும் வரக்கூடாது, பேச்சிலும் வரக்கூடாது. ஜாஸ்லின் குடிக்கிற ஒவ்வொரு வாயும் நான் தேர்ந்தெடுத்த ஃபில்டர் வழியாக இறங்கவேண்டும்.

நான் சலைடா என்கிற சிறிய மலையூரில் மூக்குக்கண்ணாடிக்கடை வைத்திருப்பவன். இது தெளிவா, அது தெளிவா என்று நாள் முழுக்க அடுத்தவரைக் கேட்டுப் பழகியவன். அந்தப் பொறுமையை ஃபில்டர் மேல் காட்டினேன். மூன்று மாதம் படிக்காத கட்டுரை இல்லை, பார்க்காத வீடியோ இல்லை. ஆற்றிலிருந்து வாளியில் சேற்றுத் தண்ணீர் கொண்டுவந்து குளியலறையில் வைத்துச் சோதித்தேன். மேலே தொங்கவிட்டால் தானாக வடியும் பையைத் திரைக்கம்பியில் மாட்டினேன்.

ஜாஸ்லின் எட்டிப் பார்த்தாள். "இதுவா? கழுதை இதப் பசுமடின்னு சொல்லுவான். தொங்கவிட மரம் வேணுமே. மேல ஏறிட்டா மரம் ஏது?"

கிருமி கொல்லும் மாத்திரையைத் தண்ணீரில் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "நீச்சல்குளத்துல விழுந்து எழுந்த மாதிரி இருக்கு. கழுதை ஒருதடவ இதக் குடிச்சுட்டு..."

கதை நீண்டது. நான் கேட்கவில்லை.

கடைசியில் பீங்கான் உருளை வைத்த கைப்பம்ப் ஒன்றை வாங்கினேன். சேறோ பாசியோ எதற்கும் அசையாது. அடைத்தால் பிரித்துத் தேய்த்துக் கழுவிக்கொள்ளலாம். ஜாஸ்லின் அதைக் கையில் வாங்கி, குழந்தையின் எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழம ஹாலிஸ வரச் சொல்லியிருக்கேன்" என்றாள். "வந்து உன் பைய உதறித் தரட்டும்."

பை உதறுவது இவர்கள் கூட்டத்தில் ஒரு சடங்கு. அனுபவசாலி வருவான். புதியவனின் பையை அவன் வீட்டுத் தரையிலேயே கவிழ்ப்பான். ஒவ்வொரு பொருளையும் தூக்கிக் காட்டி, எதுக்கு என்று கேட்பான். ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லவேண்டும். திருப்தியானால் ஒரு குவியல், இல்லாவிட்டால் இன்னொரு குவியல். தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. சொந்த வீட்டில், சொந்தக் கம்பளத்தில், என் ஜட்டிகளைக்கூட அந்தக் கழுதை எண்ணப்போகிறான்.

எங்கள் ஊரைவிட உயரத்தில் இருக்கும் லெட்வில்லில், பனிச்சறுக்கு மலையின் லிஃப்டுகளைப் பழுதுபார்க்கிற வேலை அவனுக்கு. ஞாயிறன்று வரும்போது, ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டை வைத்துத் தானே சுட்ட பலகாரம் ஒன்றை எடுத்துவந்திருந்தான். ஆள் அழகன் இல்லை. அதுவும் எரிச்சல்தான். அழகனாக இருந்தால் அழகைத் திட்டிவிட்டுப் போகலாம்.

"வா தலைவா, உக்காரு" என்றான் என்னிடம், என் வீட்டில். பையைக் கவிழ்த்தான். "ஜீன்ஸ் எதுக்கு?"

"கீழ ஊருக்கு வந்ததும் போட்டுக்க."

"ஊர்க்காரன் உன் காலப் பார்த்து என்ன பண்ணப் போறான்? போகட்டும். செண்ட் எதுக்கு?"

"நாறாம இருக்க."

"நாறத்தானே போறோம். இதென்ன, மூணு மூக்குக்கண்ணாடி? கடையவே தூக்கிட்டு வர்றியா?"

ஜாஸ்லின் சோபாவில் கால்களை மடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். என்னோடு இருக்கும்போது அவள் சிரிப்பதுண்டு. ஆனால் இந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. வேண்டாத குவியல் வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் பம்ப் அவன் கைக்குப் போனது.

"இது?"

"சேத்துத் தண்ணியிலயும் அடைக்காது."

"நீ போறது பனி உருகுற காலத்துல. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்." பம்ப்பைக் கையில் ஆட்டிப் பார்த்தான். "நல்ல கனம். ரெண்டு பேருக்கு ஒரு சின்னது போதும் தலைவா. கரண்டிக்கே தெரியும்."

பம்ப்பை வேண்டாத குவியலில் வைத்துவிட்டு, சட்டைப்பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தான். உள்ளங்கை நீளம். நீலப் பிளாஸ்டிக், வெளுத்துப்போயிருந்தது.

ஜாஸ்லின் சோபாவிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். "இத இன்னும் வெச்சிருக்கியா?"

"நல்லா இருக்கு. அடைப்பெல்லாம் எடுத்துட்டேன், தண்ணி சரசரன்னு வருது. இதையே எடுத்துட்டுப் போங்க."

அவள் அதை வாங்கிக் காதருகே குலுக்கினாள். மோந்துகூடப் பார்த்தாள். அந்த ஒன்பது நாளில் எந்த ஓடைக்கரையில் உட்கார்ந்தாலும் அவள் கையில் இதுதான் இருக்கப்போகிறது என்று எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கழுதைக் கதை வரும். அப்போதுதான் மூன்று மாதப் படிப்பு கைகொடுத்தது.

"இத எங்க வெச்சிருந்த?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"கராஜ்ல. சாமான்களோட ஆணியில மாட்டி."

"லெட்வில்ல. கராஜுக்கு ஹீட்டர் உண்டா?"

"கராஜுக்கு எவன் ஹீட்டர் போடுவான்?"

நான் ஜாஸ்லின் பக்கம் திரும்பினேன். "கேட்டியா? ஊரே உறையுற எடத்துல கராஜ்ல தொங்கியிருக்கு. இது செத்து நாலு வருஷமாச்சு. இதுல குடிச்சா ஒன்பது நாளும் புதர் புதரா ஓட வேண்டியதுதான். நல்லாத்தான் பேரு வெச்சிருக்க, கழுதைன்னு."

அவள் ஃபில்டரை மெல்ல மடியில் இறக்கினாள். "ஆமா ஹாலிஸ். அது உறைஞ்சிருக்குமே."

எனக்கு வாயெல்லாம் பல். அந்த நிமிடத்தை நிறுத்தி வைத்து இன்னும் கொஞ்சம் அனுபவித்திருப்பேன். ஆனால் லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தன் வேலையைக் குறை சொன்னால் பொறுக்காது. யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டான்.

"உறையல."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

"குளிர் ஆரம்பிச்சா வீட்டுக்குள்ள எடுத்துடுவேன்."

"உன் வீட்டுல விறகடுப்பு மட்டும்தானே" என்றாள் ஜாஸ்லின். "விடியறதுக்குள்ள அணைஞ்சு, சமையலறைக் குழாயே உறைஞ்சுபோகும்னு நீதானே சொல்லுவ?"

அவன் கம்பளத்தைப் பார்த்தான். "அதான், கூட வெச்சுக்கிட்டுத் தூங்குவேன்."

"தினமுமா?"

"உறையுற அன்னைக்கு மட்டும்."

லெட்வில்லில் அது வருஷத்தில் பாதிக்கு மேல் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். "பழக்கமாப் போச்சு" என்று அவனே சேர்த்துக்கொண்டான். யாரும் கேட்கவில்லை.

இரண்டு வருஷமாக நான் தேடிய சாட்சி இதுதான். கேள்வி மேல் கேள்வி கேட்டு நானேதான் அதை வெளியே இழுத்துப்போட்டேன். அவன் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கவேண்டும். ஆனால், அவன் இடத்தில் நான் இருந்தால் இதைச் செய்திருப்பேனா என்ற யோசனைதான் வந்தது. நாலு குளிர்காலம், யாருக்கும் சொல்லாமல், ஒரு வெளுத்த பிளாஸ்டிக் துண்டுக்காக. செய்திருக்க மாட்டேன். முதல் டிசம்பரிலேயே மறந்திருப்பேன். அதுவரை அவன் அவளோடு நடந்ததற்காகத்தான் பொறாமைப்பட்டேன். அன்று, அவனுக்கு அப்படி இருக்கத் தெரிந்ததற்காகப் பொறாமைப்பட்டேன். இந்தப் பொறாமைக்கு முன் பழையது ஒன்றுமே இல்லை.

ஜாஸ்லின் ஃபில்டரை நீட்டினாள். அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் படிக்க முடியவில்லை.

"இந்த வருஷம் வெளியிலயே விட்டுடு, ஹாலிஸ்" என்றாள்.

அவன் "சரி" என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பிறகு வேண்டாத குவியலில் கிடந்த பம்ப்பை எடுத்து, கொண்டுபோகும் குவியலில் வைத்தான். சுட்டுக் கொண்டுவந்த பலகாரத்தைத் தொடாமலே கிளம்பிப் போனான்.

ஒன்பது நாளும் பம்ப்பை அவளேதான் சுமந்தாள். கனம் என்று முணுமுணுக்கவில்லை. ஓடைக்கரைகளில் அவளே குந்தியிருந்து பம்ப் அடித்து என் பாட்டிலை முதலில் நிரப்பினாள். கழுதையின் பேச்சு ஒருமுறைகூட வரவில்லை. நான் கேட்டது அப்படியே கிடைத்தது. நாலாம் நாள் நான்தான் தாங்க முடியாமல் வாயைத் திறந்தேன்.

"ஹாலிஸ் இருந்தா இந்த ஓடையப் பார்த்து என்ன சொல்லியிருப்பான்?"

அவள் கை நிற்கவில்லை. பாட்டில் நிறைந்ததும் மூடியைத் திருகி என்னிடம் கொடுத்தாள்.

"உன் ஃபில்டர் நல்லாத்தான் இருக்கு, வெண்டெல்" என்றாள்.

மூன்று மாதமாக நான் ஏங்கிய வார்த்தை அது. அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் நீட்டுகிற குரலில் சொன்னாள்.