விபூதி போட்டுத் துடைத்த வால்வுகள்

என் வீட்டுக்காரர் கோதண்டபாணியோடு சண்டை போடவே முடியாது. நான் நாலு வார்த்தை பேசினால் அவர் அரை வார்த்தை பேசுவார். அதுவும் 'சரி' என்பதாக இருக்கும். ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடும் குமாஸ்தா. இரண்டு தங்கச்சிகளைக் கரையேற்றும் வரை தனக்கென்று ஒரு கைக்கடிகாரம்கூட வாங்கிக்கொள்ளாத மனுஷர். எண்பத்து நாலாம் வருஷம் அவர் தனக்காக ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள், ஓடாத ஒரு வால்வு ரேடியோ. ஊரே டிரான்சிஸ்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்த காலத்தில், மூட்டை கனம் இருந்த அந்த மரப்பெட்டியைத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை மடியில் வைத்தே கொண்டுவந்து இறக்கினார்.

"இது பாடுமாங்க?"

"இப்ப பாடாது. பாட வெப்பேன்."

விற்றவர் இருதயமேரி என்கிற அம்மா, நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் காலமானதிலிருந்து ரேடியோவும் வாய் திறக்கவில்லையாம். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். பாடினால் இவர் கார்டு போட வேண்டும்; அந்த அம்மா பஸ் ஏறி வந்து ஒரு தடவை கேட்டுவிட்டுப் போவார்.

வந்த வேகத்தில் பிளக்கைச் சொருகுவார் என்று பார்த்தேன். மாட்டேன் என்றுவிட்டார். பழைய செட்டுக்கு எடுத்த எடுப்பில் கரண்ட் கொடுத்தால் உள்ளே இருக்கிற கண்டென்சர் வெடித்துவிடும் என்று ஏதோ புஸ்தகத்தில் படித்திருந்தார். ஒன்றரை மாசம் பாண்டிக்குப் போய்ப் போய்ப் புது கண்டென்சர் வாங்கிவந்து, ஒவ்வொன்றாக மாற்றிப் பற்றவைத்தார். கடைசியைப் பற்றவைத்த புதன்கிழமை, அவசரக்குடுக்கை மாதிரி கார்டும் போட்டுவிட்டார்: 'ஞாயிற்றுக்கிழமை பாடும், வாருங்கள்.'

வியாழக்கிழமை நான் அரிக்கேன் விளக்குகளின் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரேடியோவின் பின்பக்கம் திறந்து கிடந்தது. உள்ளே சின்னச் சின்ன பாட்டில் போல ஐந்து வால்வுகள், ஒரே தூசி. விருந்தாளி வருகிற வீட்டில் இப்படியா? ஐந்தையும் பிடுங்கினேன். விளக்குக் கண்ணாடிக்குப் போடுவது போலவே விபூதி போட்டு, மல்துணியால் பளபளவென்று துடைத்து வரிசையாக வைத்தேன். மனசுக்கு நிறைவாகவும் இருந்தது.

சாயங்காலம் வந்தவர் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதும்மேல நம்பர் இருந்திச்சே, காந்தி?"

"வெள்ளையா கறை மாதிரி ஒட்டிக்கினு இருந்திச்சிங்க. தொடச்சதும் பூடுச்சி."

அப்புறம்தான் சொன்னார். ஐந்துக்கும் அடியில் ஒன்பதொன்பது ஊசி. எதுவும் எந்த ஓட்டையிலும் உட்காரும். எந்த நம்பர் எங்கே என்று பெட்டிக்குள் ஒட்டிய தாளில் இருக்கிறது. மாற்றிச் சொருகினால் கருகிவிடும். இந்த வால்வுகள் போனால் வேறு தேடிக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

"பரவால்ல வுடு. அந்தம்மாவுக்கு வர வாணாம்னு காலையில கார்டு போட்டுடறேன். இத்தத் தூக்கிப் பரண்ல வெச்சிடலாம். நமக்கு எதுக்கு இந்த வேலெ?"

திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்தப் 'பரவால்ல'தான் என்னைக் கொன்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவள் நான்.

மறுநாள் காலை கார்டோடு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பரணுக்குப் போகிற வால்வுகளைத் துணியில் சுற்றப் போனேன். ஒன்றின் மேல் என் கைரேகை பதிந்திருந்தது. பழக்க தோஷம், விளக்குக் கண்ணாடிக்குச் செய்வது போல் 'ஹா'வென்று வாயாவி விட்டேன். துணியை எடுப்பதற்குள் பனி படிந்த கண்ணாடியில் இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் தெரிந்தன. ஆவி மறைந்ததும் மறைந்தன. மறுபடி ஊதினேன். மறுபடி தெரிந்தன.

உலையைக்கூட இறக்காமல் ஓடினேன். தெருக்கோடி தபால் பெட்டிமுன் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"கார்டப் போடாதீங்க!"

நடுத்தெருவில் வால்வை அவர் மூக்குக்கு நேரே பிடித்து ஊதிக் காட்டினேன். அவர் வால்வைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் என்னைப் பார்த்தார். கார்டை நாலாகக் கிழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்விட்சைப் போட்டதும் ஒரு சத்தமும் இல்லை. வால்வு சூடேறக் கொஞ்ச நேரமாகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை; என் உயிர் என்னிடம் இல்லை. பிறகு மெல்ல ஒரு உறுமல். அதற்குள்ளிருந்து ஒருவர், மல்லாட்டை விதையில், அதுதான் வேர்க்கடலை விதையில், மருந்து கலக்கும் விதத்தைக் கணீரென்று சொல்ல ஆரம்பித்தார். இருதயமேரி அம்மா அதை முழுக்கக் கேட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"எங்க வூட்டுக்காரருக்குக் காணி நெலம் கெடையாதும்மா. ஆனா இத்த ஒரு நாள் வுடாம கேட்டுக்கினு இருப்பாரு."

அதற்கப்புறம் கண்டாச்சிபுரத்திலிருந்து ஒன்று, வல்லத்திலிருந்து ஒன்று என்று செட்டுகள் வந்துகொண்டே இருந்தன. எது வந்தாலும் வால்வுகளை அடுப்படிக்கு எடுத்துவருவார். "நம்பர் தெரியல காந்தி, கொஞ்சம் ஊதேன்" என்பார்.

ஒருநாள் கதவிடுக்கில் பார்த்தேன். அவரே ஒரு வால்வை ஊதி, நம்பரைப் படித்து, நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் வேட்டி நுனியால் அதை நன்றாகத் துடைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தார்.

"தெரியல காந்தி."

நானும் ஒன்றும் தெரியாதவள் போல வாங்கி ஊதினேன்.